கம்பத்தில் கட்டிய துண்டு

நிறுத்தினீங்களே தம்பி, அதுவே பெரிய விஷயம். இந்த ரோட்டில் கையைக் காட்டினால் எவன் நிறுத்துகிறான்? பாலக்கோடு வரைக்கும் போனால் போதும். பஸ் நிலையத்துக்கு முன்னாலேயே இறங்கிக்கொள்வேன். பின்னால் காலித் தக்காளிப் பெட்டிதானே? அங்கே ஏறிக்கொள்ளச் சொன்னாலும் ஏறியிருப்பேன். முன்னால் உட்காரச் சொன்னீங்க. நல்ல மனசு.

அடடா, இது கண்ணாடி துடைக்கிற துணியா? மன்னிச்சுக்குங்க. கையில் எது கிடைக்கிறதோ அதை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். எனக்கு வேர்க்கிற மாதிரி யாருக்கும் வேர்க்காது. எங்கள் வாத்தியார் நாற்காலியில் மடித்துப் போட்டிருந்த அங்கவஸ்திரத்தை எடுத்துத் துடைத்துவிட்டேன். மூன்றாம் வகுப்பு. பிரம்பு ஒடிகிற வரைக்கும் அடித்தார். அன்றோடு பள்ளிக்கூடம் போகவில்லை. அந்த வாத்தியார் பேர், அவர் வேட்டிக் கரை, எல்லாம் இன்றைக்கும் சொல்வேன். நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

கொஞ்சம் வேகமாகப் போனால் நல்லது தம்பி. பொழுது சாய்வதற்குள் என் அக்காவை ஒரு இடத்துக்குக் கூட்டிவந்தாக வேண்டும். அங்கே ஒரு ஆள் இன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறான். முப்பது வருஷத்துக்கு மேல் நான் காத்திருந்த வார்த்தை. அதை அவள் தன் காதால் கேட்க வேண்டும். சாயங்காலமானால் அவனுக்குப் புத்தி இன்னும் கலங்கிப்போகும். நாளைக்கு அந்த வார்த்தை அவனிடம் இருக்கிறதோ, போய்விடுகிறதோ. அதுதான் அவசரம்.

யார் என்றா? என் அக்கா புருஷன். திம்மராயன் மேஸ்திரி என்றால் இந்தப் பக்கத்தில் வயசான ஆட்களுக்குத் தெரியும். ஆழ்துளை போடுகிற போர் வண்டி வருவதற்கு முன்னால் இங்கே இருக்கிற கிணறுகளில் பாதி அவன் வெட்டியது. நானும் என் தம்பி மாதேசும் அவனிடம் வேலை பார்த்தோம்.

என்ன, அக்கா புருஷனை அவன் இவன் என்கிறேனே என்று பார்க்கிறீங்களா? மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டுக்கொண்டும் இருந்தேன். மாதேசு செத்த அன்றோடு அந்தச் சொல் என் வாயில் செத்துவிட்டது. மேஸ்திரி என்பேன். இல்லாவிட்டால் அந்த ஆள் என்பேன். அதற்கு முன்னாலும் எனக்கு அவன்மேல் குறை உண்டு. அக்கா கல்யாணத்தில் பெண்ணோட தம்பி என்று பார்க்காமல் என்னைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்தான். மாதேசுக்கு மட்டும் பொங்கலுக்குச் சட்டை எடுத்துக்கொடுத்தான், எனக்கு வேட்டி. எனக்கும் சட்டைதான் வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். சரி, அதெல்லாம் சின்ன விஷயம். சின்ன விஷயம்தான், ஆனால் மறக்கவில்லை.

கிணற்றில் பாறை வந்துவிட்டால் குழி போட்டு, வெடிமருந்து கெட்டித்து, திரியைப் பற்றவைத்துவிட்டு எல்லாரும் மேலே வந்துவிடுவோம். எல்லாக் குழியும் ஒன்றாக வெடிக்காது தம்பி. ஒன்றிரண்டு தூங்கும். வெடித்து முடிந்தது என்று நீங்கள் நினைப்பீங்க, உள்ளே ஒரு திரி சத்தமில்லாமல் புகைந்துகொண்டு கிடக்கும். அதற்காக அந்த ஆள் ஒரு வழக்கம் வைத்திருந்தான். தன் தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டை எடுத்து, கல்லையும் ஆளையும் ஏற்றி இறக்குகிற கிரேன் கம்பத்தில் கட்டிவிடுவான். கட்டிவிட்டு அதற்குக் கீழே உட்கார்ந்துவிடுவான். கம்பத்தில் துண்டு இருக்கிறவரை ஒருத்தனும் கிணற்றில் இறக்குகிற பக்கெட்டில் கால் வைக்கக் கூடாது. அவன் கையால்தான் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்ததும் முதலில் இறங்குவதும் அவன்தான். அவன் சுற்றிப் பார்த்துவிட்டுக் கயிற்றை ஆட்டிய பிறகுதான் மற்றவர்கள். மழை வந்தால்கூட எழுந்திருக்க மாட்டான். சாமி முன்னால் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பான்.

நாங்கள் கிண்டல் செய்வோம். "மேஸ்திரிக்கு ஒண்ணுக்கு வந்தாக்கூட துண்டுகிட்ட கேட்டுக்கிட்டுத்தான் போவாரு" என்பான் மாதேசு. அவன் வாய் அப்படி. அந்த ஆளும் சிரிப்பான். மாதேசு என்றால் அவனுக்கு உயிர்.

அன்றைக்கும் அப்படித்தான் வெடி வைத்தோம். வெடித்தது. புகை வந்தது. அந்த ஆள் துண்டைக் கட்டிவிட்டு உட்கார்ந்தான். சித்திரை வெயில். எனக்கு உடம்பில் ஒரு கால்சட்டையைத் தவிர ஒன்றும் இல்லை. கிரேனைச் சுற்றுகிற கைப்பிடிகிட்டே நின்றேன். மாதேசு கிணற்று விளிம்பில் நின்று என்னை அவசரப்படுத்துகிறான். ஊரில் மாரியம்மன் பண்டிகை. சாயங்காலம் கரகாட்டம் பார்க்கப் போக வேண்டும் அவனுக்கு. அந்த நேரம் பார்த்து என் அக்கா சாலம்மாள் சோத்துக் கூடையோடு வரப்புமேல் வருகிறாள். நிறைமாதம் அவளுக்கு. கிணற்றை நோக்கி வருகிறாள். அந்த ஆள் பார்த்தான். "அங்கயே நில்லுடி, கிட்ட வராத"ன்னு கத்திக்கொண்டு எழுந்து ஓடினான்.

எழுந்து ஓடினான், கேட்டுக்குங்க. எழுந்திருக்காத ஆள் எழுந்து ஓடினான்.

புகை கண்ணை எரிக்கிறது. வேர்வை கண்ணில் இறங்குகிறது. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் மாதேசு சொல்கிறான், "அண்ணா, கம்பத்துல துண்டு இல்ல. வுடு கயித்த." பார்த்தேன். இல்லை. கம்பம் மொட்டையாக நிற்கிறது. துண்டு இல்லை என்றால் என்ன அர்த்தம்? இறங்கலாம் என்று அர்த்தம். பக்கெட்டில் ஏறி நின்றான். விட்டேன். பாதி தூரம்தான் போயிருப்பான். தூங்கிக்கொண்டிருந்த குழி எழுந்துகொண்டது.

எதில் துடைத்தேனா?

என்ன கேள்வி தம்பி இது? என் தம்பி செத்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், முகத்தை எதில் துடைத்தாய் என்று கேட்கிறீங்க. கையில் கிடைத்ததில் துடைத்திருப்பேன். அந்தக் காலத்து வேர்வையை எதில் துடைத்தோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? நீங்க ரோட்டைப் பாருங்க.

அவன் போகிற போக்கில் துண்டை அவிழ்த்துக்கொண்டு போயிருக்கிறான். பெண்டாட்டி சோறு கொண்டுவந்ததும் பசி. அதுதான் நடந்தது. வேறு எப்படி நடக்கும்? ஊர்ப் பெரியவர்கள் எல்லாரையும் கூட்டி வைத்துக் கேட்டேன். "துண்டை அவுத்தது யாரு? சொல்லு மேஸ்திரி, யாரு?" என்று மண்ணை வாரி அவன் முகத்தில் போட்டுக் கேட்டேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "துண்டு என்னுது. பொறுப்பு என்னுது." அவ்வளவுதான். நான்தான் அவிழ்த்தேன் என்று சொல்லவே இல்லை. அவிழ்க்கவில்லை என்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. என்ன திமிர்!

அப்புறம் அவன் வெடி வேலையே செய்யவில்லை. கல் உடைக்கப் போனான், செங்கல் சூளைக்குப் போனான். நான் அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அக்காவுக்குப் பெண் பிறந்தது, போகவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது, தாய்மாமன் இடத்தில் வேறு எவனோ நின்றான். நான் எங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் எதற்காக? ஒரு வார்த்தைக்காக. தப்பு என்னுது என்று ஒரு வார்த்தை.

போன ஆடியில் அக்கா ஆள் அனுப்பினாள். அப்புறம் அவளே வந்தாள். கிழவியாகிவிட்டாள் தம்பி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். "சென்றாயா, அவருக்கு மறதி வியாதி. நான் நூறு நாள் வேலைக்குப் போனா பார்த்துக்க ஆள் இல்ல. கதவத் தொறந்துக்கிட்டு எங்கயாச்சும் போயிடறாரு. மக ஓசூர்ல கம்பெனி வேலைய வுட்டுட்டு வர முடியாது. நீ பகல்ல வந்து கூட இருப்பியா?" என்று அழுதாள். உங்களால் நம்ப முடியாது, நான் உடனே சரி என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பி மனசு மாறிவிட்டான் என்று நினைத்தாள் போல.

முதல் தடவை அவனை டாக்டரிடம் காட்டியபோது நானும் போனேன். அந்தப் பொம்பளை டாக்டர் பொறுமையாகச் சொன்னது. "நேத்து நடந்தது முதல்ல போகும் ஐயா. அப்புறம் போன வருஷம். பழசெல்லாம் கடைசியாத்தான் போகும். கை பழகின வேலை அதுக்கும் அப்புறம்தான். ஆள் மாறிப்போய் பேசுவாரு, செத்தவங்களக் கேட்பாரு. செத்துட்டாங்கன்னு சொல்லாதீங்க. அவருக்கு ஒவ்வொரு தடவையும் அது புது சாவு."

அக்காவுக்கு அது பாதிதான் புரிந்தது. எனக்கு முழுக்கப் புரிந்தது. கிணறு வெட்டினவனுக்குப் புரியாதா? மேல் மண் முதலில் போகும். அப்புறம் கெட்டியான சுக்கான். அடியில் இருக்கிற பாறை கடைசியில்தான் வரும். இவன் புத்தியை ஏதோ ஒன்று மேலிருந்து வெட்டிக்கொண்டு போகிறது. ஒருநாள் அந்தப் பாறைக்கு வரும். அந்த வருஷத்துக்கு வரும். வருகிற அன்றைக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும். அதைத் தாண்டிப் போய்விட்டால் அவனுக்கு நானும் இல்லை, மாதேசும் இல்லை, கிணறும் இல்லை. நான் சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கலாம், பதில் சொல்ல ஆள் இருக்காது.

அதனால் தினமும் போனேன். வேளாவேளைக்குச் சோறு போட்டேன், குளிப்பாட்டினேன், வேட்டி கட்டிவிட்டேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் மச்சான்னா இப்படி இருக்கணும் என்றார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் பேரன் பேர் போனது. அப்புறம் அந்த வீடே போனது. "இது யாரு வூடு மாப்ளே, நாம கெளம்பலாம்" என்பான். மகள் வந்தால் "யாரோ டீச்சரம்மா வந்திருக்காங்க, சேர் போடு" என்பான். கண்ணாடியில் தன்னைப் பார்த்து "பெரியவரே, உட்காருங்க" என்றான் ஒருநாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவனும் சிரித்தான்.

"மாதேசு சாப்ட்டானா?" என்று கேட்க ஆரம்பித்தான். தினமும் கேட்பான். அக்கா "சாப்ட்டான், தூங்கறான்" என்பாள். அவள் வேலைக்குப் போனதும் நான் சொல்வேன், "மாதேசு செத்துட்டான் மேஸ்திரி. கெணத்துல வெடிச்சு செத்துட்டான்." அவன் என்னையே பார்ப்பான். வாய் கோணும். தலையில் அடித்துக்கொண்டு அழுவான். புதுச் சாவு மாதிரியேதான் அழுவான், டாக்டர் பொய் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். கண்ணில் தண்ணீர் மட்டும் நிற்கும், எதற்கு என்று தெரியாமல் துடைத்துக்கொள்வான். மறுபடி "மாதேசு சாப்ட்டானா?" என்பான். மறுபடி சொல்வேன்.

அப்படிப் பார்க்காதீங்க. எனக்கு ஒவ்வொரு நாளும் அது புதுச் சாவுதானே? அவனுக்கு மட்டும் மறந்துபோனால் எப்படி?

அக்கா ஒருநாள் சீக்கிரம் வந்துவிட்டாள். வாசலில் நின்று கேட்டுவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அடுப்படிக்குப் போய் எனக்குக் காப்பி வைத்துக்கொண்டு வந்தாள். "பழசக் கெளறாத சென்றாயா. உனக்காகத்தான் சொல்றேன்" என்றாள். எனக்காகவாம்! புருஷனைக் காப்பாற்றிக்கொள்ள எப்படிப் பேசுகிறாள் பாருங்க.

அந்தத் துண்டும் திரும்பி வந்தது. ஆவணி மாதம் இருக்கும். வீட்டில் ஏதோ ஒரு சிவப்புத் துண்டு கொடியில் கிடந்திருக்கிறது. எடுத்து வாசல் கேட்டில் கட்டினான். அதே முடிச்சு. சட்டைப் பொத்தான் போடத் தெரியாத கை தம்பி, அந்த முடிச்சை ஒரு சுற்றில் போட்டது. கட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். பால்காரனை உள்ளே விடவில்லை. "ஒண்ணு தூங்குது, கிட்ட வராத" என்றான். அன்றிலிருந்து தினமும் கட்டினான். அக்காவுக்கு அது வசதியாகப் போனது. துண்டைக் கட்டிவிட்டால் ஆள் நகர மாட்டான். சமைப்பாள், துவைப்பாள், திரும்பிப் பார்த்தால் கட்டிப்போட்ட மாதிரி அங்கேயே இருப்பான்.

ஒருநாள் நான் வெயிலில் நடந்து வந்தேன். வேர்வை. கேட்டில் துண்டு இருந்தது, எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தோளில் போட்டுக்கொண்டேன். எடுத்தேன் என்பதே எனக்குத் தெரியாது. அவன் நிமிர்ந்து கேட்டைப் பார்த்தான். அவ்வளவுதான். "மாதேசு எறங்கிட்டானா? டேய், யாரு எறக்குனது?" என்று கத்திக்கொண்டு எழுந்து ஓடினான். பின்பக்கம் தரையோடு தரையாக மூடி இல்லாத தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு காலை விட்டுவிட்டான். அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். நான் ஓடிப்போய் இழுத்தேன். அக்கா என் தோளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "அந்தத் துண்ட மட்டும் தொடாதடா. உன் கால்ல வேணாலும் வுழறேன். அது இல்லேன்னா அவரு உடனே மாதேசத் தேடி எறங்கிடுவாரு" என்றாள். ஒரு துண்டுக்கு இவ்வளவு பேச்சு. அதற்கப்புறம் நான் ஜாக்கிரதையாக இருந்தேன். எனக்கென்று ஒரு வெள்ளைத் துண்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

நேற்று அவன் வந்து சேர்ந்துவிட்டான். அந்த வருஷத்துக்கு. எப்படித் தெரியும் என்றால், அக்கா கீரைக் கட்டோடு கேட்டைத் திறந்துகொண்டு வருகிறாள். அவளைப் பார்த்து, "சாலம்மா, வவுத்துல புள்ளய வச்சிக்கிட்டு வெயில்ல ஏன்டி வர்ற? நான் வந்து சோத்த எடுத்துக்க மாட்டனா?" என்றான். அவள் சிரித்துக்கொண்டே, "கெழவிக்குப் புள்ளையா, நல்லாருக்குது" என்றாள்.  பாறை வந்துவிட்டது.

இன்றைக்குக் காலையில் முடி வெட்டக் கூட்டிப்போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். "வெயிலுக்கு முன்னாடி வந்துடுங்க" என்று துண்டை அவன் தோளில் போட்டு அனுப்பினாள். பஸ்ஸில் ஏற்றினேன். நீங்க என்னை ஏற்றின இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் ஒரு புளியமரம் இருக்கிறதே, அங்கே இறங்கி மண் ரோட்டில் கூட்டிப்போனேன். அந்தக் கிணறு இருக்கிற காட்டை யாரோ வாங்கி வீட்டுமனை போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். ஆள் நடமாட்டம் இல்லை. கிணறு அப்படியே இருக்கிறது. சுற்றுச்சுவர் கிடையாது. தண்ணீர் வற்றி எத்தனையோ வருஷம். எட்டிப் பார்த்தால் அடி தெரியாது, இருட்டுதான் தெரியும். கிரேன் இருந்த இடத்தில் ஒரு கல் கம்பம் மட்டும் நிற்கிறது.

வீட்டில் காலை இழுத்து இழுத்து நடக்கிறவன். அங்கே போனதும் நிமிர்ந்துவிட்டான் தம்பி. நேராக விளிம்புக்குப் போனான்.  ஒரு கல்லை எடுத்துப் போட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டான். திரும்பி வந்து துண்டைக் கம்பத்தில் கட்டினான். கீழே உட்கார்ந்தான்.

"மாப்ளே, ஒண்ணு தூங்குது. யாரும் கிட்ட வர வேணாம்" என்றான்.

நான் எதிரில் குந்திக்கொண்டேன். "மேஸ்திரி, அன்னைக்குத் துண்ட அவுத்தது யாரு?"

"எந்தத் துண்டு? அதான் கட்டியிருக்குதே."

"மாதேசு செத்த அன்னைக்கு."

கம்பத்தைப் பார்த்தான். கிணற்றைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அந்தப் பஞ்சாயத்தில் பார்த்தானே, அதே பார்வை. கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டான்.

"மூஞ்சி தொடைக்க உனக்கு வேற துணி கெடைக்கலையா மாப்ளே?" என்றான். "அழாத. தப்பு என்னுது. உன் பழக்கம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் எந்திரிச்சுப் போனேன் பாரு. சாலம்மா வெயில்ல வந்தா, எந்திரிச்சுட்டேன். யாரு கேட்டாலும் நீ வாயத் தொறக்காத. ஒரு புள்ள போயிட்டான், உன்னையும் ஊரு சேந்து கொன்னுடும். துண்டு என்னுதுன்னு நான் சொல்லிக்கறேன்."

கேட்டீங்களா தம்பி? கேட்டீங்களா? தப்பு என்னுது! அவன் வாயாலேயே! முப்பது வருஷத்துக்கு மேல் ஊரே கேட்டும் வராத வார்த்தை.

மற்றதா? மற்றதெல்லாம் வியாதி. டாக்டரம்மாவே சொன்னதே, ஆளை மாற்றிப் பேசுவார் என்று. மகளை டீச்சர் என்கிறவன், தன்னையே யாரோ பெரியவர் என்கிறவன், அவன் செய்ததை நான் செய்ததாக மாற்றிவிட்டான். அது வியாதி. ஆனால் தப்பு என்னுது என்றானே, அது வியாதி இல்லை. அது மட்டும் தெளிவு. அதைத்தான் அக்கா கேட்க வேண்டும். நான் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்க வைப்பேன். மற்றதைப் பேச விடமாட்டேன்.

எனக்கு அக்காவைக் கூட்டிவர வேண்டும் என்ற அவசரம். வேர்த்துக் கொட்டியது. எழுந்தேன், முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெயிலுக்குத் தலையில் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்தேன். உங்கள் வண்டி வந்தது.

அவனைத் தனியாகவா விட்டுவந்தேன் என்கிறீங்களா? தனியாகத்தான். அவனையும் இழுத்துக்கொண்டு போனால் வழியிலேயே மறந்துவிடுவான். அந்த இடத்தில் இருந்தால்தான் அந்த வருஷத்தில் இருப்பான். நீங்க பயப்பட வேண்டியதில்லை. அவன் நகர மாட்டான். எனக்குத் தெரியும் அவனை. கம்பத்தில் துண்டு இருக்கிறவரைக்கும் இடியே விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான்.

ஏன் நிறுத்துறீங்க?

ஏன் என் தலையையே பார்க்கிறீங்க? துண்டுதான். வெயிலுக்குக் கட்டியிருக்கிறேன். சொன்னேனே. என் துண்டு.

என் துண்டு வெள்ளை.

இதோ, பையிலேயே இருக்கிறது. மடிப்புக்கூடக் கலையவில்லை.

தம்பி.

தம்பி, வண்டியைத் திருப்புங்க. அகலமான இடம் எல்லாம் பார்க்க வேண்டாம், இங்கேயே திருப்புங்க. முடிச்சுப் போட்ட சுருக்கம் இதில் அப்படியே இருக்கிறது பாருங்க. எப்போது எடுத்தேன்? எழுந்தேன், வேர்த்தது, துடைத்தேன். எடுத்தது எனக்குத் தெரியவே இல்லை. சத்தியமாகத் தெரியவில்லை. இன்றைக்கு மறந்து எடுத்துவிட்டேன். இன்றைக்கு மட்டும்தான். அன்றைக்கு இல்லை. நீங்க என்னை அப்படிப் பார்க்காதீங்க, ரோட்டைப் பாருங்க. அன்றைக்கு இல்லை.

குனிந்துதான் உட்கார்ந்திருப்பார். நிமிர்ந்தால்தானே கம்பம் தெரியும்? வயசானவர், வெயிலுக்குக் கண் அசந்திருப்பார். அதோ புளியமரம். இடது பக்கம் திருப்புங்க. பள்ளம் பார்க்காதீங்க, போங்க. ஹாரன் அடிங்க. வேண்டாம், வேண்டாம், அடிக்காதீங்க. சத்தம் கேட்டால் வெடித்துவிட்டது என்று நிமிர்ந்து பார்ப்பார்.

உங்கள் துணியை எடுத்துக்குங்க தம்பி. எனக்கு வேண்டாம். வேர்க்கட்டும். நான் துடைக்க மாட்டேன்.

அந்தக் கம்பம்தான். மொட்டையாக நிற்கிறதே, அதுதான். எனக்குக் கண்ணெல்லாம் வேர்வை, ஒன்றும் தெரியவில்லை. நீங்க பார்த்துச் சொல்லுங்க. கம்பத்துக்குக் கீழே, கிணற்றுக்கு இந்தப் பக்கம், மாமா உட்கார்ந்திருக்கிறாரா?